எஸ்எச்பி099: நல்ல தடுப்பான்தான், ஆனால் எந்த எஸ்எச்பி2-க்கு?

செல்லின் வளர்ச்சிச் சைகைகளை ஏற்பிகளிலிருந்து உள்ளே கடத்த உதவும் எஸ்எச்பி2 நொதியை அடக்க ஆய்வகங்கள் வாங்கும் சேர்மங்களில் முதலில் பரிந்துரைக்க வேண்டியது எஸ்எச்பி099. நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் 2016-இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய தடுப்பான்கள் நொதியின் வேதிவினை நடக்கும் வினைமையத்தில் ஒட்டுபவை. எஸ்எச்பி1 போன்ற உறவுப் புரதங்களையும் சேர்த்தே அடக்கிவிடும். இது அப்படியல்ல. புரதத்தின் மூன்று களங்களும் (தனித்தனியாக மடிந்த பகுதிகள்) சந்திக்கும் இடுக்கில் நுழைந்து, புரதத்தை மூடிய, செயல்படாத நிலையிலேயே பிடித்துவைக்கிறது. சுமார் 0.07 மைக்ரோமோலாரில் நொதியின் வேகம் பாதியாகிறது.

10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் 1 மி.லி. தயாரிக்க, உப்பற்ற வடிவம் 3.5 மி.கி., ஹைட்ரோகுளோரைடு உப்பு 3.9 மி.கி. தேவை. குப்பியில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எடைபோட்டால் செறிவு 10 சதவீதம் பிசகும். செல்களுக்கு 1 முதல் 10 மைக்ரோமோலார் மருந்து, கரைப்பானான டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்துக்குள். இரண்டு மணி நேரம் கழித்து ஈஜிஎஃப் (ஏற்பியைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) கொடுத்து, 5 நிமிடத்தில் பாஸ்போ-ஈஆர்கே (எஸ்எச்பி2-க்குக் கீழே உள்ள ஈஆர்கே நொதியின் செயல்படும் வடிவம்) பாருங்கள். 24 மணி நேரத்திலும் ஒருமுறை பார்ப்பது கட்டாயம்: ஈஆர்கே தன் பாதைக்குத் தானே போட்டுவைத்திருக்கும் பின்னூட்டத் தடை விலகுவதால் பல செல்களில் ஈஆர்கே மீண்டும் தலைதூக்கும்.

மருந்து வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பல நேரம் சோதனை அமைப்பே காரணம். வினைக் களத்தை மட்டும் தனியே தயாரித்துச் சோதித்தால் எதுவும் நடக்காது, மருந்து ஒட்டும் இடுக்கே அங்கு இல்லை. முழுநீளப் புரதம் வேண்டும். பிராஃப் நொதியில் வி600ஈ பிறழ்வு உள்ள புற்றுச் செல்களிலும் பலன் எதிர்பார்க்கக் கூடாது. அங்கே கோளாறு எஸ்எச்பி2-க்குக் கீழே இருக்கிறது. விளைவு எஸ்எச்பி2 வழியாகத்தான் வருகிறது என்று காட்ட, மருந்து ஒட்டாத டி253எம்/கியூ257எல் இரட்டைப் பிறழ்வை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

உண்மையான குறை வேறு. குழந்தைகளுக்கு வரும் ஜேஎம்எம்எல் என்ற ரத்தப் புற்றில் அடிக்கடி காணப்படும் எஸ்எச்பி2-இன் ஈ76கே பிறழ்வில் புரதம் ஏற்கெனவே திறந்து நிற்கிறது. மருந்தின் வீரியம் அங்கே பல மடங்கு சரிகிறது. இதய ஆய்வாளர்களுக்கு இன்னும் சிக்கல். நூனன் என்ற பிறவி நோய்க்குறி உள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்கு எஸ்எச்பி2-ஐ உருவாக்கும் மரபணுவில்தான் பிறழ்வு. நுரையீரல் தமனி வால்வு குறுகுவது அவர்களிடம் அதிகம். அதே மரபணுவின் ஒய்279சி பிறழ்விலோ நொதிச் செயல் குறைந்திருந்தும் இதயத் தசை தடிக்கிறது. அந்தப் பிறழ்வு கொண்ட எலிகளில் தடிப்பைத் திருப்பியது ராபாமைசின் என்ற வேறு மருந்து, செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் பாதையை அடக்கித்தான்.

ஏற்பிகளால் தூண்டப்படும் இயல்பான எஸ்எச்பி2-ஐ ஆராய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பிறழ்வுப் புரதத்தோடு வேலை செய்பவர்கள், அந்தப் பிறழ்வுக்கான தடுப்பு அளவை முதலில் தாங்களே அளந்துகொண்டு வாங்கட்டும்.