பிரேக் ஆயிலும் இடது பின் சக்கரமும்

போன வாரம் மச்சான் போனில் கேட்டார்: "மாப்பிள்ளை, பிரேக் ஆயிலை நீங்களே மாத்துறீங்களாமே, நானும் செய்யலாமா?" போனில் பாதிதான் சொன்னேன்.

நாலு வருடத்தில் மூன்று முறை என் ஹேட்ச்பேக்குக்கு வீட்டு வாசலிலேயே மாற்றியிருக்கிறேன். வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். பெயர்தான் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சரக்கு அது. என் வண்டிக்கு ஊற்றும் டாட் 4 என்ற ரகம் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதுவே 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. வால்பாறையிலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியபோது எனக்கு அப்படித்தான் ஆனது. மலைப்பாதையிலுள்ள லோம்ஸ் வியூ முனையில் ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். அந்தப் பயத்தில் ஸ்பேனரை எடுத்தவன்தான்.

மற்ற மூன்று சக்கரங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது பின் சக்கரம் இருக்கிறதே! பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் பக்கம் இருப்பதால் அதுதான் தூரத்துச் சக்கரம். என் வண்டியில் ஏர் எடுப்பதே, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவதே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எடுத்தவுடனே வேலை செய்யும் மனசே போய்விடும். முன்பு சர்வீஸ் விட்ட இடத்தில் யாரோ ஓபன் ஸ்பேனரைப் போட்டுத் திருகி, ஆயில் வெளியேறும் திருகான நிப்பிளின் ஆறு முனையையும் மழுங்கடித்திருக்கிறார்கள். ரிங் ஸ்பேனர் வழுக்குகிறது. முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவைத்து, வைஸ் கிரிப்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுகிறேன். நிப்பிள் உடைந்தால் அது பொருந்தியிருக்கும் வீல் சிலிண்டரையே மாற்ற நேரிடும். சரி, ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன்: மூன்று முறையும் "அடுத்த தடவை புது நிப்பிள்" என்று சொல்லிவிட்டு மறந்தவனும் நான்தான்.

பெடலில் மகன்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்பா."

"பிடிச்சுக்கோ."

நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினால் அதில் மாட்டிய டியூபில் டிகாக்ஷன் நிறத்தில் பழசு இறங்கும், நடுவே கடுகளவு குமிழிகள். முதல் தடவை நான் இறுக்குவதற்குள் காலை எடுத்துவிட்டான். காற்று உள்ளே போய், எல்லாம் முதலிலிருந்து. இப்போது பிளஸ் டூ. "டைட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்காமல் காலை எடுப்பதில்லை. டிகாக்ஷன் மெல்ல வெளுத்துத் தேன் நிறமாகும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவனும் எட்டிப் பார்ப்பான். அப்புறம் பெடல், கல் மாதிரி நிற்கும். எந்த சர்வீஸுக்குப் பிறகும் இப்படி நின்றதில்லை.

பெயின்ட்டுக்கு பிரேக் ஆயில் எமன். ஃபெண்டரில் நான் கவனிக்காத ஒரு சொட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உரித்துவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பித்திருக்கும். மிஞ்சும் கால் பாட்டிலையும் இரண்டு வருடம் வைத்திருந்து ஊற்ற முடியாது, திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும்.

மச்சானுக்கு என் பதில்: வேண்டாம். நல்ல மெக்கானிக்கிடம் விட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

நேற்று உதிரிபாகக் கடையில் நிப்பிள் கேட்டேன். நாலும் சேர்த்து செட்டாகத்தான் தருவார்களாம். வாங்கவில்லை.