நான்கு நாள் இத்தாலி: வெரோனாவா, நேப்பிள்ஸா?

ரோம் பார்த்தாயிற்று, இன்னும் நான்கு நாள் கையில் இருக்கிறது. பழைய நகரம் ஒன்று வேண்டும், கூடவே மலையோ ஏரியோ கடலோ பக்கத்தில் இருக்க வேண்டும், கார் ஓட்டும் எண்ணம் இல்லை. இப்படிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் டஸ்கனி என்பார்கள். முதலில் அதைக் கழித்துவிடலாம்.

டஸ்கனியின் தலைநகர் புளோரன்ஸ் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. புருனெலெஸ்கி 1420-இல் தொடங்கி 1436-இல் மூடிய அந்தப் பேராலயக் கும்மட்டத்துக்காக மட்டுமே போகலாம். ஆனால் படங்களில் மயக்கும் சைப்ரஸ் வரிசையும் பச்சைக் குன்றுகளும் அங்கே இல்லை. அவை சியேனாவையும் தாண்டித் தெற்கே, வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அங்கே பஸ்ஸை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். கார் எடுத்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளி வண்டிகள் நுழையக் கூடாத எல்லைகள் உண்டு. தெரியாமல் நுழைந்தாலும் கேமரா விடாது, அபராதம் ஊர் திரும்பியபின் வந்து சேரும். ஒரு வாரம் கிடைக்கும்போது போய்க்கொள்ளலாம்.

மிஞ்சுவது இரண்டு: வடக்கே வெரோனா, தெற்கே நேப்பிள்ஸ். இரண்டின் பழைய நகரமும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரண்டிலிருந்தும் ரயிலிலேயே இயற்கைக்குப் போய்விடலாம். மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஊர்கள்.

வெரோனா சுலபமான ஊர். மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பழைய நகரத்தை ஆதிஜே ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எல்லாமே நடை தூரம். நடுவில் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அரங்கம், அரேனா. 1117 நிலநடுக்கத்தில் அதன் வெளிச்சுவர் பெரும்பாலும் விழுந்துவிட, இன்று நான்கு வளைவுகள் மட்டும் நிற்கின்றன. அதே அரங்கில் 1913 முதல் கோடைகால ஓப்பரா, அதாவது இசை நாடகம், நடக்கிறது. ஊரின் இளஞ்சிவப்புக் கல்லைக் குனிந்து பாருங்கள். சுற்றியுள்ள மலைகளில் வெட்டிய சுண்ணாம்புக்கல் அது. நடைபாதையிலேயே சுருள் சுருளாக அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிவங்கள் தெரியும். ஷேக்ஸ்பியர் கதையின் ஜூலியட் வீடு என்று காட்டும் இடத்தின் மாடத்துக்கு மட்டும் வரிசையில் நிற்காதீர்கள். அந்த மாடம் 20-ஆம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது. அந்த நேரத்துக்கு பொன்தே பியெத்ரா பாலத்தில் போய் நிற்கலாம்: 1945-இல் பின்வாங்கிய ஜெர்மானியர் தகர்த்ததை, ஆற்றிலிருந்து பழைய கற்களையே பொறுக்கியெடுத்துத் திரும்பக் கட்டினார்கள்.

இயற்கைக்கு கார்தா ஏரி. இத்தாலியின் பெரிய ஏரி, சுமார் 370 சதுர கிலோமீட்டர். பெஸ்கியேராவுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். ஆனால் தென்கரை தட்டையானது, கோடையில் கூட்டம் அள்ளும். மலைகள் இருபுறமும் நெருக்கும் அழகெல்லாம் வடக்கே. மால்சேசினேயில் சுழலும் கேபிள் கார் மோந்தே பால்தோ மலைமேல் 1,700 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அதுவரை பஸ்ஸோ படகோ நிதானமாகத்தான் போகும், முழு நாளையும் ஒதுக்குங்கள். இன்னொரு நாள் இருந்தால் ஒன்றரை மணி நேர ரயிலில் போல்சானோ. 1991-இல் பனியில் கிடைத்த 5,000 ஆண்டுப் பழைய மனிதர் ஓட்ஸியை அங்கே பார்க்கலாம், டோலமைட் சிகரங்களும் அங்கிருந்தே தெரியும்.

அடுத்தது நேப்பிள்ஸ். சத்தம், குப்பை, நடைபாதையிலேயே ஏறி வரும் ஸ்கூட்டர்கள். முதல் இரண்டு மணி நேரம் ஏன் வந்தோம் என்று தோன்றினால் அது இயல்பு. இருந்தும் என் ஓட்டு இந்த ஊருக்குத்தான். வெரோனாவில் நகரத்தைப் பார்த்துவிட்டு இயற்கையைப் பார்க்கப் போகிறோம். நேப்பிள்ஸில் இரண்டும் ஒரே கதை. ஊரைக் கட்டிய மஞ்சள் டஃப் கல்லே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. அதைக் காலடியிலேயே கிரேக்கர் காலம் முதல் வெட்டியெடுத்தார்கள். வெட்டிய குழிகள் நீர்த்தொட்டிகளாயின, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பதுங்குமிடங்களாயின. இன்று வழிகாட்டியோடு அவற்றுக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர்களில் பொம்பெய்க்குத்தான் பெயர். 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. இதுவே கூட்டத்தைச் சொல்லிவிடும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் நான் ஹெர்குலேனியம் போகச் சொல்வேன். சிறிய ஊர், ஆனால் சூடான எரிமலைப் பொருள் ஆழமாக மூடியதால் மர உத்தரம், கதவு, கட்டில்கூடக் கரியாகி அப்படியே நிற்கின்றன. பழைய கடற்கரையின் படகுக் கொட்டில்களில் 300 பேர் அளவுக்கு எலும்புக்கூடுகள் கிடைத்தன. அங்கிருந்தே பஸ்ஸில் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறி, அரை மணி நேரம் நடந்தால் எரிமலை வாயின் விளிம்பு. கடைசியாக 1944-இல் வெடித்த மலை. இப்போதும் அங்கங்கே ஆவி வரும்.

அப்புறம், நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பொம்பெயில் 1938-இல் கிடைத்த, ஒரு சாண் உயர இந்தியத் தந்தச் சிலை அங்கே இருக்கிறது. லட்சுமி என்பார்கள், யட்சி என்பாரும் உண்டு. எரிமலை வெடிக்கும் முன்பே நம் பக்கத்துச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது!

நடக்கப் பிடித்தவர்களுக்கு அமால்ஃபி கரைமேல் போமெரானோவிலிருந்து நொசெல்லே வரை போகும் 'தேவர்களின் பாதை', ஆறேழு கிலோமீட்டர், கீழே முழுக்கக் கடல். சொரெண்டோ வரை போகும் உள்ளூர் ரயில் பழையது, நெரிசலானது. பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு நேப்பிள்ஸ்தான் மேல். சீஸே இல்லாத மரினாரா பீட்சா, கத்தரிக்காய் பார்மிஜானா, எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வெரோனாவின் பெயர்பெற்ற பாஸ்திசாதா குதிரை இறைச்சிக் குழம்பு. அங்கே பூசணி அடைத்த பாஸ்தாவான தோர்தெல்லி, குழைந்த அரிசிச் சோறான ரிசோட்டோ என்று கேட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும், ரிசோட்டோவில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் வெரோனா. பொம்பெயின் கரடுமுரடான கல் தெருக்கள் முழங்காலைப் பார்த்துவிடும். ஜூலை, ஆகஸ்டிலும் வெரோனாதான்: பொம்பெயில் நிழலே கிடையாது, இங்கேயோ இரவில் ஓப்பரா இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் நேர்மாறு. ஏரிக்கரை ஊர்களில் பாதிக்கடை மூடிக்கிடக்கும், நேப்பிள்ஸ் எப்போதும்போல் இரைந்துகொண்டிருக்கும்.

நான்கு நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நடுவில் வேக ரயிலிலேயே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நேப்பிள்ஸ் என்று முடிவெடுத்தால் வெசுவியஸைக் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். வானிலை கெட்டால் பாதையை மூடிவிடுவார்கள். இரண்டாம் நாள் வைத்துக்கொண்டு, டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், மலையில் கவுண்டர் கிடையாது.