899 வெள்ளிக்கு 43 அங்குல டிவி: எங்கள் வீட்டில் அது எப்படி ஓடுகிறது

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 43 அங்குலம், 4கே, கூகுள் டிவி, இரண்டு வருட வாரண்டி, எல்லாம் சேர்த்து 899 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சீனர் மின்சாதனக் கடையில் வாங்கினோம். அதே வரிசையில் நின்ற கொரியப் பிராண்டு, அதே அளவு, 1,500 வெள்ளியைத் தொட்டது. எங்களுடையது அதிகம் விளம்பரம் செய்யாத ஒரு மலிவுப் பிராண்டு. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. இந்த விலைக்குக் கடையில் நிற்கும் மற்ற பெட்டிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் ஹாலிலேயே சன்னலோரம் கிடக்கிறது. அதனால் நான் டிவியை நேராகப் பார்க்கிறவள் இல்லை, பக்கவாட்டில் பார்க்கிறவள். அதுவும் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அத்தைக்கு மத்தியானத்திலிருந்து தொடர் நாடகம். வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டிவிட்டு வந்து செய்தி பார்ப்பார். மகனுக்குப் பந்து விளையாட்டும் யூடியூப்பும். 'நல்ல டிவியா' என்று யாராவது கேட்டால், யார் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

மாமாவுக்கு ஜப்பான் பெயர் இருந்தால்தான் நம்பிக்கை. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அவர் வாங்கிய ஜப்பான் டிவி அப்படி உழைத்ததாம். அவர் கைகாட்டிய டோஷிபாவின் டிவி வியாபாரம் 2018இலேயே சீனாவின் ஹைசென்ஸ் கைக்குப் போய்விட்டது. எல்சிடி திரை செய்வதை சாம்சுங்கின் திரை நிறுவனமும் 2022இல் நிறுத்திவிட்டது. இப்போது எல்சிடி திரைகளில் பெரும்பகுதி சீனாவில்தான் செய்யப்படுகிறது, முன்னால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. கூடுதலாகக் கொடுக்கும் 600 வெள்ளி திரைக்கு மட்டும் போவதில்லை. படத்தைச் சீர்செய்யும் சிப், ஸ்பீக்கர், மெமரி, அப்புறம் பழுதானால் வந்து பார்க்கிற ஆள், இதற்கெல்லாமும் சேர்த்துத்தான் அந்தக் காசு. மலிவுப் பெட்டியில் கை வைத்திருப்பதும் இந்த இடங்களில்தான். அதைத்தான் கடையிலேயே சோதிக்க வேண்டும்.

கடையில் எல்லா டிவியிலும் கிளியும் பூவும் அருவியும் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடைக்கென்றே வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். வேலை செய்த தம்பியிடம் சொல்லி அந்த மோடை எடுக்கச் சொன்னேன். "அக்கா, எடுத்தா டல்லா தெரியும்" என்றார். டல்லாகத் தெரியட்டும், வீட்டில் அப்படித்தானே பார்க்கப் போகிறோம். கைப்பையில் வெள்ளை லைனிங் துணி ஒரு துண்டு இருந்தது. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போடச் சொல்லி, பக்கத்தில் துணியைப் பிடித்துப் பார்த்தேன். திரையின் வெள்ளை நீலம் கலந்த வெள்ளை. நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி. செட்டிங்கில் கலர் டெம்பரேச்சர் என்று இருப்பதை வார்முக்கு மாற்றியதும் நீலம் இறங்கியது. முதலில் மஞ்சளாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். செய்தி வாசிக்கிறவரின் முகம் மனித முகமாக ஆகும், அரக்குப் புடவை அரக்காகத் தெரியும். நூல் நிறம் பொருத்தியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது பெரிய விஷயம். காசு செலவில்லாத மாற்றம், மலிவு டிவியில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

மகன் பென்டிரைவில் வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். திரை முழுக்க ஒரே சாம்பல். நல்ல திரையென்றால் மூலைக்கு மூலை ஒரே மாதிரி தெரிய வேண்டும். முதல் பெட்டியில் இடது பக்கம் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி ஒரு கறை மேலிருந்து கீழாக ஓடியது. நாடகத்தில் அது கண்ணுக்குப் படாது. பச்சைத் திடலில் கேமரா பந்தோடு ஓடும்போது அந்தக் கறை அப்படியே நிற்கும், பிறகு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கடை முதலாளி தவுக்கே முகத்தைச் சுளிக்காமல் இன்னொரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். அதில் மூலையில் லேசாக மட்டும் வெளிச்சம் கசிந்தது. ஒரே மாடல், ஒரே விலை, இரண்டு பெட்டி, இரண்டு தரம். பெரிய பிராண்டிலும் இப்படி உண்டு, மலிவில் கொஞ்சம் அதிகம். இணையத்தில் வாங்கியிருந்தால் இதைப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

திரை விஏ வகை. இந்த வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ராத்திரிக் காட்சிகளில் சாம்பல் பூக்காது. ஐபிஎஸ் என்கிற இன்னொரு வகையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிற்கும், விஏயில் மூவாயிரத்தைத் தாண்டும். அதற்கு விலையைப் பக்கவாட்டில் கொடுக்க வேண்டும். நேராக உட்கார்ந்த அத்தைக்குப் பளிச்சென்று தெரிகிற படம், மெஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெளுத்துப்போய்த் தெரிகிறது. சுவரில் மாட்டும்போது என் பக்கம் திரும்புகிற மாதிரி கையுள்ள பிராக்கெட்டாக வாங்கினோம், 45 வெள்ளி. வாசலிலிருந்து சாயங்கால வெயில் உள்ளே வரும் வீடு என்றால் இந்த விலை டிவியின் வெளிச்சம் அதோடு போட்டி போடாது. திரைச்சீலை போடுங்கள்.

சுவரில் மாட்டியதே ஷோகேசால்தான். மாமா ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, நடுவில் பழைய 21 அங்குலப் பெட்டிக்குக் கணக்காக விட்ட சதுரம். புது டிவி 96 சென்டிமீட்டர் அகலம். கால்கள் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் மேசையை அளந்துகொண்டு போங்கள்.

இப்போது 4கே என்ற பெரிய எழுத்துக்கு வருவோம். திரையில் 3840க்கு 2160 புள்ளிகள், கிட்டத்தட்ட 83 லட்சம். அத்தை விடாமல் பார்க்கும் சேனல்களில் இன்னும் எச்டி ஆகாதவை இருக்கின்றன. அந்தப் பழைய தரத்துப் படத்தில் 720க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். இருபது புள்ளியில் ஒன்றுதான் சேனலிலிருந்து வருகிறது, மீதிப் பத்தொன்பதை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் இருந்தால் அந்த ஊகம் உறுத்தாது. இதில் உறுத்துகிறது. முகத்தில் மெழுகு பூசின மாதிரி வழவழப்பு, எழுத்தைச் சுற்றிக் கொசகொசவென்று கோடு. ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கியதும் பாதி சரியானது. எச்டி சேனல்களில் குறையே இல்லை. யூடியூப்பில் 4கே பாடல் போட்டால் புடவைச் சரிகையில் இழை இழையாகத் தெரிகிறது, கஸ்டமரிடம் காட்டி "இந்த மாதிரி பார்டர்" என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுக்க யார் 4கே பார்க்கிறார்கள்?

எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் படத்தரம், என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பற்றி ஒரே வரி: அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுகிற வெளிச்சம் இதற்குக் கிடையாது.

ஏரியல் விஷயம் எங்களுக்கு லாபமாக முடிந்தது. 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்களே, அப்போது உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் மைடிவி டிகோடரை இலவசமாகக் கொடுத்தார்கள். மாமா வீட்டுக்கு வந்த அந்தக் குட்டிப் பெட்டி இத்தனை வருஷம் ஓடியது. புது டிவியில் அதே வேலையைச் செய்யும் டிவிபி-டி2 ட்யூனர் உள்ளேயே இருக்கிறது, டிகோடர் தேவையில்லை. 35 வெள்ளிக்கு யூஎச்எஃப் ஏரியல் வாங்கி, ஈப்போ கிளேடாங் மலைப் பக்கமாகத் திருப்பி, சேனல் தேடச் சொன்னதும் ஆர்டிஎம், டிவி3 எல்லாம் வந்து உட்கார்ந்தன. மழை பெய்து ஆஸ்ட்ரோ சாட்டிலைட் தட்டு சிக்னலை விட்டுவிடும் நேரத்தில் டிவி2 தமிழ்ச் செய்தி இதில் நிற்காமல் ஓடுகிறது. ஒரு சின்ன எரிச்சல்: படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டியதால் கீழே ஓடும் செய்தி வரி பாதிதான் தெரிந்தது. பிக்சர் சைஸில் ஜஸ்ட் ஸ்கேன் என்று வைத்தால் முழுதாக வரும்.

மழை என்றதும் சத்தம் ஞாபகம் வருகிறது. இந்த டிவியில் எனக்கு ஆத்திரமே வருவது இங்கேதான். இரண்டு ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 8 வாட், இரண்டும் கீழே தரையைப் பார்த்திருக்கின்றன. பின்கட்டில் தகரக் கூரை. மழை இறங்கினால் நாடகத்தில் மாமியார் மருமகளைத் திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று தெரியாது. சத்தத்தை 60க்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டிக் உடம்பே அதிர்கிறது. என் மெஷின் ஓடினாலும் இதே கதைதான். ஒருவழியாக 199 வெள்ளிக்கு ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்கி டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி ஓட்டையில் சொருகினோம். ஒரே ரிமோட்டில் சத்தம் ஏறும் இறங்கும், அத்தைக்குக் குழப்பமில்லை. டிவி வாங்குகிற அன்றே இந்தப் பணத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

கூகுள் டிவி என்றது உண்மைதான், நெட்பிளிக்ஸ் முறையாக வருகிறது. இதைவிடவும் மலிவான சில பெட்டிகளில் ஆண்ட்ராய்டு என்று மட்டும் போட்டிருக்கும், நெட்பிளிக்ஸ் ஒழுங்காக ஓடாது. கடையிலேயே திறந்து பாருங்கள். மெமரி 1.5 ஜிபி மட்டும். போட்டவுடன் ரிமோட்டை அமுக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அதற்குப் பிறகுதான் நகரும். வேண்டாத ஆப்களை மகன் அழித்த பிறகு பரவாயில்லை. மோஷன் 120 என்று ஒட்டியிருந்தது, திரை என்னவோ 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படம் மாறும். வேகமாக ஓடும் பந்துக்கு வால் முளைக்கிறது. மகன் முனகிக்கொண்டே பார்க்கிறான்.

அப்புறம் பழுது. வாங்கிச் சில மாதத்தில் ஓர் இரவு படம் போய்ச் சத்தம் மட்டும் வந்தது. டவுனில் ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்க்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். போனில் கேட்டேன். "விளக்கை அணைச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாரும்மா" என்றார். அடித்துப் பார்த்தால் திரைக்குள் ஆட்கள் மங்கலாக நடமாடுகிறார்கள். அப்படியென்றால் திரை பிழைத்திருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி பட்டைதான் எரிந்துவிட்டது. இது பெரிய ஆறுதல், ஏனென்றால் திரை உடைந்தால் மாற்றுகிற செலவில் புதுசே வாங்கலாம். வாரண்டி நம்பருக்கு அழைத்தால் மலாயில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர், ஆளாளுக்கு ஒரு தேதி. அத்தைக்கு அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கடைசியில் ஈப்போவிலிருந்து வந்த பையன் சுத்தமாக வேலை செய்தார், காசு வாங்கவில்லை. இழுத்தடித்ததற்குத்தான் மதிப்பெண் குறைக்கிறேன்.

அங்கிள் சொன்ன காரணம்: மலிவு டிவியில் எல்இடி பட்டைகள் குறைவு, அவற்றையே கொளுத்தி எடுக்கிறார்கள். அந்தப் பட்டைகளின் வெளிச்சமான பேக்லைட்டை 100இல் வைத்து நாள் முழுக்க ஓட்டினால் சூட்டில் சீக்கிரம் போகும். இப்போது 60இல் வைத்திருக்கிறோம், ஹாலுக்கு அது தாராளம். வாரண்டி அட்டையையும் அப்போதுதான் முழுதாகப் படித்தேன். இடி மின்னல், பூச்சி, பல்லி, எலியால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறது. நம் ஊரில் இடியும் பல்லியும் இல்லாத வீடு ஏது? சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கை மட்டுமல்ல, ஏரியல் வயரையும் பிடுங்கிவிடுகிறோம். ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து மங்கிவிடும். வாரண்டி இருந்தும் கடையோ கம்பெனியோ கைவிரித்தால், 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

டிவி 899, பிராக்கெட் 45, ஏரியல் 35, சவுண்ட்பார் 199. மொத்தம் 1,178 வெள்ளி. கொரியப் பெட்டி வாங்கியிருந்தால் சவுண்ட்பார் மிச்சமாகியிருக்கலாம், பிராக்கெட்டும் ஏரியலும் அதற்கும் வாங்கியே ஆக வேண்டும். இதே பிராண்டில் 55 அங்குலம் 1,299 என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஹால் எங்களுடையதைவிடக் குறுகல், பார்ப்பது முழுக்க நாடகம். 43 போதும் என்று சொல்லியிருக்கிறேன்.