கொழிஞ்சாம்பாறை சனிக்கிழமை கோடிங் கிளாஸ்: ஆறு மாசம் போயிட்டு வந்து எழுதறேன்

பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாடு பார்டர் பக்கம் இருக்கற கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடந்தே போயிரலாம். கீழ மாட்டுத்தீவனக் கடை, மாடியில ஒரே ஒரு ஹால். போர்டுல சாஃப்ட்வேர் டிரெயினிங்னு மட்டும்தான் போட்டிருக்கும், அதப் பாத்துட்டு ஜாவா, பைத்தான் சொல்லித்தருவாங்கன்னு போயிராதீங்க. வேலைக்குச் சேந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க, கடைசி வருஷம் படிக்கறவங்க, இவங்க எழுதின புரோகிராம் கோட, நடுவுல இருக்கற டிவில போட்டு வரி வரியா எல்லாரும் சேந்து படிக்கறதுதான் கிளாஸே. மாசம் 1,800 ரூபா, 8 பேருக்கு மேல சேக்கறதில்ல. எனக்குப் போன வாரத்தோட ஆறு மாசம் முடிஞ்சுது.

நடத்தறது ஒரு அக்கா. கோயமுத்தூர்லயும் கொச்சிலயுமா 14 வருஷம் வேலை பாத்துட்டு அம்மாவப் பாத்துக்கறதுக்காக ஊருக்கே வந்துட்டவங்க. எங்களுக்கு அக்கா, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் பசங்களுக்கு சேச்சி. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாங்க, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல, பொள்ளாச்சில இருந்து வந்த தம்பிக்கு மட்டும் மொத ரெண்டு வாரம் திணறுச்சு, அப்பறம் பழகிட்டான்.

நான் ஏன் போனேன்னு சொல்லிடறேன். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில சேந்து அஞ்சாவது மாசம், ஒரே ஒரு கஸ்டமரோட ஃபோன் நம்பர மாத்தச் சொன்னாங்க, லைவ் டேட்டாபேஸ்லயே அப்டேட் குவெரி (டேட்டாவ மாத்தச் சொல்ற கட்டளை) எழுதினேன், ஆனா ரன் பண்ணும்போது மவுஸ்ல மேல ரெண்டு வரிய மட்டும் செலக்ட் பண்ணிட்டேன், எந்தக் கஸ்டமர மட்டும் மாத்தணும்னு சொல்ற 'வேர்' கண்டிஷன் இருந்த மூணாவது வரி விட்டுப்போச்சு. ஒரு ரோ, அதாவது ஒரு கஸ்டமரோட பதிவு, மாற வேண்டிய இடத்துல 11,000 ரோவுக்கு மேல மாறிருச்சு. கையெல்லாம் ஜில்லுனு ஆயிருச்சுங்க. அதுக்கப்பறம் நான் பண்ணதுதான் பெரிய தப்பு, யார்கிட்டயும் சொல்லாம நானே சரி பண்ணிரலாம்னு 40 நிமிஷம் எதையெதையோ பண்ணிப் பாத்துட்டு இருந்தேன், அதுக்குள்ள எல்லாக் கஸ்டமருக்கும் போக வேண்டிய மெசேஜ் மொத்தமும் அந்த ஒரே நம்பருக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. பேக்கப் இருந்துச்சு, மொத நிமிஷமே வாயத் திறந்திருந்தா மெசேஜ் அனுப்பற ஜாப நிறுத்திட்டு அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும். திட்டு விழுந்துச்சு, இனிமே கவனமா இருன்னாங்க. கவனமா இருக்கறதுன்னா கையால என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்லல.

மொத நாளே அக்கா அதத்தான் கேட்டாங்க, ஆளுக்கு ஒரு தப்பச் சொல்லுங்கன்னு. நான் சொல்லி முடிச்சதும் ஒரு அட்வைஸும் இல்ல, லேப்டாப்ப என் பக்கம் தள்ளி, "இப்ப அதையே மறுபடி பண்ணு கண்ணு, நான் சொல்ற வரிசையில"ன்னாங்க. அதே 'வேர்' கண்டிஷனோட மொதல்ல செலக்ட் (எதையும் மாத்தாம எடுத்துக் காட்ட மட்டும் சொல்றது) போடு, எத்தன ரோ வருதுன்னு பேப்பர்ல எழுது. டிரான்சாக்‌ஷன் ஸ்டார்ட் பண்ணு, அப்பத்தான் நாம உறுதி பண்ற வரைக்கும் மாத்தம் நிலைக்காது. அப்டேட் போடு. எத்தன ரோ மாறுச்சுன்னு அது சொல்ற நம்பரும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணா இருந்தா கமிட் (மாத்தத்த உறுதி பண்றது), இல்லேன்னா ரோல்பேக் (பழையபடி திருப்பறது). மைஎஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸ்ல ஆட்டோ கமிட் தானாவே ஆன்ல இருக்கும், அதனால டிரான்சாக்‌ஷன் ஸ்டார்ட் பண்ணாம விட்டா ரோல்பேக் பண்ண எதுவுமே இருக்காதுங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு செட்டிங்கும் இருக்கு, அத ஆன் பண்ணி வெச்சா கீ காலம் (ரோவச் சீக்கிரம் தேடறதுக்குக் குறிச்சு வெச்ச பத்தி) வெச்ச 'வேர்' கண்டிஷனோ, எத்தன ரோங்கற லிமிட்டோ இல்லாத அப்டேட்ட, டெலிட்ட அது ஓட்டவே ஓட்டாது. இப்ப என் மெஷின்ல அது எப்பவும் ஆன்தான்.

கோடு சேத்து வெக்கற வெப்சைட் நடத்தற கிட்லேப் கம்பெனியில நடந்ததையும் அன்னிக்கே சொன்னாங்க. 2017 ஜனவரி 31, ராத்திரி, ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல அழிக்க வேண்டிய ஃபோல்டர மெயின் சர்வர்ல அழிச்சுட்டாரு ஒரு இன்ஜினியர். சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிஞ்சுச்சு. பேக்கப் எடுக்கலாம்னு பாத்தா தினமும் ஓட வேண்டியது வெர்ஷன் பொருந்தாததால ஃபெயில் ஆயிட்டு இருந்திருக்கு, அது யாருக்கும் தெரியல. ஆறு மணி நேரத்துக்கு முன்னால தற்செயலா எடுத்து வெச்ச ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்)தான் காப்பாத்துச்சு. அவங்க அத மறைக்கல, என்ன நடக்குதுன்னு அப்பப்ப எல்லாருக்கும் தெரியற மாதிரியே எழுதிட்டு, சரி பண்றதையும் யூடியூப்ல லைவ்வாக் காட்டினாங்க. அவ்வளவு பெரிய இடத்துலயே வெளிப்படையாச் சொல்றாங்க, நான் 11,000 ரோவ மறைக்கப் பாத்திருக்கேன். அன்னிக்கு வண்ணாமடைக்கு பஸ்ல வரும்போது பூரா இதேதான் மனசுல ஓடுச்சு.

கிளாஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது பால் சொசைட்டி ப்ராஜக்ட். நம்ம பக்கம் ஊருக்கு ஊரு பால் சொசைட்டி, அதனால பால் பில்லு போடற ஒரு சின்ன ஆப் எழுதச் சொன்னாங்க. ஒரு தம்பி மூணே நாள்ல முடிச்சுட்டு வந்துட்டான், லிட்டர் பெருக்கல் ரேட்டு, பால்ல இருக்கற ஃபேட்டுக்கும் எஸ்என்எஃப்புக்கும் (கொழுப்பு போக மிச்ச சத்து) தகுந்த மாதிரி ரேட்டு, பத்து நாள் கூட்டினா பில்லு, ஸ்கிரீனும் அழகா இருந்துச்சு. அக்கா கோடவே பாக்கல. "சொசைட்டிக்குப் போனியா?"ன்னு கேட்டாங்க. போகல. அடுத்த சனிக்கிழமை காலைல 6 மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. அங்க செக்ரட்டரி அண்ணன் சொல்றாரு, ஒவ்வொரு வேளைக்கும் குடுக்கற சீட்டுலயே பைசாவ ரவுண்ட் பண்ணிருவோம், பில்லுங்கறது அந்தச் சீட்டுங்களோட கூட்டல் அவ்வளவுதான்னு. தம்பியோட ஆப் ரவுண்ட் பண்ணாமக் கூட்டிட்டு வந்து கடைசியில ஒரே தடவ ரவுண்ட் பண்ணுது. ஒரு பெரியவர் பத்து நாள் சீட்டு இருபதையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு சட்டைப் பையில வெச்சிருந்தாரு, வாங்கிக் கூட்டிப் பாத்தா ஆப்புக்கும் சீட்டுக்கும் 3 பைசா வித்தியாசம். மூணு பைசாதானே அக்கான்னான் தம்பி. "அவரு வீட்ல உக்காந்து கூட்டிப் பாப்பாரு, ஒரு தடவ சேரலேன்னா அப்பறம் சொசைட்டியவே நம்ப மாட்டாரு"ன்னாங்க அக்கா.

திரும்பி வந்து கோடத் தொறந்தா இன்னொண்ணும் கெடந்துச்சு. ஃப்ளோட்ல, அதாவது கம்ப்யூட்டர் புள்ளி எண்ணத் தோராயமா வெக்கற முறையில, 0.1 கூட 0.2 சேத்தா 0.3 வராது, 0.30000000000000004னு வரும், காசுக் கணக்கு ஃப்ளோட்ல வெக்கக் கூடாது, பைசாவா முழு எண்ல வை இல்லேன்னா டெசிமல் (புள்ளி எண்ண அப்படியே வெக்கற வகை) வை. பைத்தான்ல ரவுண்ட் ஃபங்ஷன் 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும், ரெட்டைப்பட எண் பக்கமாப் போறது அதோட வழக்கம், சொசைட்டில அரைப் பைசா வந்தா எப்பவும் மேலதான். வேலைக்குச் சேந்த புதுசுல நாம எல்லாரும் பண்றது இதுதாங்க, யாருக்கு எழுதறோமோ அவங்கள ஒரு தடவகூடப் பாக்காம கீபோர்டுல கைய வெச்சிடறோம்.

மத்ததெல்லாம் சுருக்கமா. கிட்ல, அதாவது கோடுல பண்ற மாத்தத்தையெல்லாம் வரிசையாச் சேத்து வெக்கற டூல்ல, ஒவ்வொரு மாத்தத்துக்கும் எழுதற கமிட் மெசேஜ்ல ஃபிக்ஸ், ஃபிக்ஸ் 2னு எழுதினா திருப்பி அனுப்பிருவாங்க, ஏன் மாத்தினேங்கறது இருக்கணும். 1,000 வரிக்கு ஒரே புல் ரிக்வெஸ்ட் (என் கோடப் பாத்துச் சேத்துக்கங்கன்னு கேக்கறது) போட்டா படிக்கவே மாட்டாங்க, பிரிச்சுட்டு வான்னுருவாங்க. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேற சர்வீஸ யூஸ் பண்றதுக்கான ரகசியச் சாவி) எல்லாம் கிட்ல போயிருச்சுன்னா அடுத்த கமிட்ல அழிச்சாலும் ஹிஸ்டரில இருக்கும், அதனால மொத வேலையா அந்தக் கீயவே மாத்தணும். ஏஐ எழுதிக் குடுத்த கோட வரி வரியா வெளக்கத் தெரியலேன்னா மெர்ஜ் (மெயின் கோடோட சேக்கறது) கெடையாது.

சந்தேகம் கேக்கறதுக்கும் ஒரு முறை வெச்சிருக்காங்க, இது எனக்கு வேலையிலயே ரொம்ப உதவுச்சு. அரை மணி நேரம் நீயா முட்டிப் பாரு, அதுக்கு மேல கேட்டுரு. என்ன பண்ண நெனச்சேன், என்ன நடந்துச்சு, இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தேன், இந்த மூணையும் எழுதிட்டுக் கேளு. எங்க பேட்ச்ல பாதிப் பேரு தமிழ் மீடியம், மலையாள மீடியம், மீட்டிங்ல இங்கிலீஷ்ல கேக்கப் பயந்துட்டே ரெண்டு நாள் சும்மா உக்காந்திருப்போம். மொதல்ல தமிழ்லயே எழுது, அப்பறம் மாத்திக்கலாம்னாங்க. எழுதும்போதே பாதி சந்தேகம் தீந்துருது, நெஜமாவே.

கொறைன்னு பாத்தா, கோடு சரியா ஓடுதான்னு பாக்கற டெஸ்ட் எழுதறதுக்கு ரெண்டே கிளாஸ்தான் ஒதுக்கறாங்க, அது பத்தவே பத்தாது, ஒரு மாசமாவது வேணும். ஃப்ரண்ட் எண்ட் (ஸ்கிரீன்ல தெரியற பக்கம் எழுதற) பசங்களுக்குக் கவனிப்பு கொஞ்சம் கம்மி. கரண்ட் போனா இன்வெர்ட்டர் கெடையாது, ஏப்ரல் மாசம் அந்த ஹால்ல உக்காரவே முடியல. சர்டிஃபிகேட் தரமாட்டாங்க, பிளேஸ்மென்ட்டும் இல்ல, அத நம்பிப் பணம் கட்டாதீங்க.

வேலையில சேந்து மொத வருஷம் ஓட்டிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது சரியான இடம். ஆபீஸ் கோட எடுத்துட்டு வந்தா அக்கா தொட மாட்டாங்க, நீங்க தனியா எழுதினது எதாச்சும் கொண்டு போங்க. வேலந்தாவளம் வழியா வர்றவங்க லேட்டானா கூச்சப்படாம உள்ள போயிருங்க, 10 மணிக்கு ஆரம்பிச்சுருவாங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அடுத்த பேட்ச்ல என் சித்தி பையனச் சேத்து விட்டிருக்கேன்.