கருத்துக் கேட்க எது தோது: படிவமா, கூட்டமா, தனிப்பேச்சா?

400 பேர் வேலை செய்யும் இடத்தில் ஷிப்ட் நேரத்தை மாற்ற யோசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் முதலில் கை போவது படிவத்துக்குத்தான். செலவு குறைவு, இரண்டு நாளில் முடிந்துவிடும். ‘முழுமையாக ஏற்கிறேன்’ முதல் ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை டிக் அடிக்கும் முறை, அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்தது. ஆனால் 70 பேர் மறுத்தால், ஏன் என்று படிவம் சொல்லாது. நமக்குத் தோன்றாத கேள்விக்கு அதில் கட்டமே இருக்காது.

பொதுக்கூட்டத்தில் காரணங்கள் வந்து கொட்டும். யாருடைய காரணங்கள்? மைக்கைப் பிடித்தால் விடாதவருடையவை. முன்வரிசையில் மேலாளர் உட்கார்ந்துவிட்டால் அதுவும் போச்சு. கூட்டம்தான் வேண்டுமென்றால், பேச்சைத் தொடங்கும் முன் ஆளுக்கொரு தாளில் அவரவர் கருத்தை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆளுக்கு ஒன்றாக வரிசையாகச் சொல்ல வைத்து, விவாதித்து, கடைசியில் தனித்தனியே வரிசைப்படுத்தச் சொல்லலாம். டெல்பெக், வான் டி வென் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த முறை இது. அந்தப் பத்து நிமிட மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் வாய் திறக்காதவரின் கருத்தும் பலகையில் ஏறிவிடும்.

நான்காவதாக டெல்ஃபி முறை என்று ஒன்றும் உண்டு. அது 1950களில் ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் உருவானது. பெயர் வெளியே தெரியாமல் நிபுணர்களிடம் பல சுற்றுகள் கேட்பார்கள். நீண்டகாலக் கணிப்புக்குச் சரி, ஷிப்ட் நேரத்துக்கு இது அதிகப்படி.

என் ஓட்டு தனிப்பேச்சுக்கு. இரவு ஷிப்ட்காரர், காவலாளி, புதிதாகச் சேர்ந்தவர் என்று பத்துப் பேரிடம் ஆளுக்கு அரை மணி நேரம் பேசினால் போதும். கடைசிப் பேருந்து போய்விடும் என்பது போன்ற விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும். பத்துப் பேரை வைத்து 400 பேரைக் கணக்கிட முடியாதுதான். அதனால் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே கேள்வியாக்கி, அப்புறம் படிவம் அனுப்ப வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்.

முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால் இந்த நான்குமே வீண். முடிவுகளில் மக்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதைக் காட்ட ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வரைந்த பங்கேற்பு ஏணியின் எட்டுப் படிகளில் கருத்துக் கேட்பு கீழிருந்து நான்காவது. அதையே அவர் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு வகையில்தான் வைத்தார். முடிவு எடுத்தாகிவிட்ட நிலையில், நேரம் மாறுவது உறுதி என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எந்த மாதத்திலிருந்து மாற்றலாம் என்று மட்டும் கேட்கலாம்.