அரை செகண்ட் இழுக்குது: பெரியம்மாவின் ரோலை 35-உம் சிட்டி ஹால் அங்கிளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் ஒரு கடையைப் பற்றியதுதான், ஆனால் கடையின் பெயர் இதில் இருக்காது. போடாதே என்று அதை நடத்தும் அங்கிளே கேட்டுக்கொண்டார். பெயர் வெளியே போனால் நாள் முழுக்க ஃபோன் அடிக்கும், எடுத்துப் பேசினால் வேலை ஓடாது, எடுக்காவிட்டால் திட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. சிங்கப்பூரின் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, கேமராக் கடைகள் இருக்கும் பக்கமாக நடந்து, ஒரு பழைய கடைத்தொகுதியின் மாடியில் பலகைகூட இல்லாத ஒரு கதவு. பழைய கேமரா வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

கேமரா என் பெரியம்மாவுடையது. ரோலை 35, வெள்ளி நிறம், டெசார் லென்ஸ். கையில் வைத்தால் ஒரு சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும், ஆனால் கனம் 370 கிராம். இப்போது வாங்குபவர்கள் ஜெர்மனியில் செய்ததுதான் ஒசத்தி என்று கூடுதல் காசு கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் உதைதான் விழும், ஏனென்றால் பெரியம்மா 1973-இல், 19 வயதில், இங்கே இருந்த ரோலை ஆலையில் ஷட்டர் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜெர்மனியில் கூலி கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் கம்பெனி 1970களின் தொடக்கத்தில் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்தது, அரசாங்கத்தோடு சேர்ந்து 1973-இல் ஒரு பயிற்சி நிலையம்கூட நடத்தியது. 1981-இல் கம்பெனி திவால். பெரியம்மா அப்புறம் வேறு ஆலைக்குப் போனார், இந்தக் கேமரா மட்டும் அலமாரிக்குள் போனது, தோல் உறைக்குள், பக்கத்தில் நாலு பாச்சை உருண்டைகளோடு.

நான் அதை வெளியே எடுத்தபோது ஷட்டர் பாதியில் நின்றது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, உடம்பில் ஒட்டியிருந்த கறுப்புத் தோல் ஓரங்களில் சுருண்டு எழுந்திருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் இத்தனை வருடம் இருந்ததற்கு இது பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும்.

அங்கிளிடம் போவதற்கு முன்னால் வேறோர் இடத்தில் கொடுத்து ஏமாந்தேன். அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2 மாதம் வைத்திருந்தார்கள், "பார்ட்ஸ் இல்லை, இதற்குச் செலவு செய்வது வீண்" என்று திருப்பிக் கொடுத்தார்கள், பார்த்ததற்கு 50 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் ஒரு ஸ்குரூவைக் காணோம், லென்ஸ் வளையத்தில் குறடு பட்ட கீறல். கேட்டால் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்றார்கள். போகட்டும்.

அங்கிள் கேமராவைக் கையில் வாங்கியதும் ஷட்டரை அமுக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உறையை மோந்து பார்த்தார். "இதைத் தூக்கிப் போடு, பூஞ்சைக்கு இதுதான் வீடு" என்றார். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கேமராவை அதற்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது மாதிரி. அப்புறம் நான் லென்சை உள்ளே தள்ளப் போனேன், உடனே என் கையைப் பிடித்துவிட்டார். இந்தக் கேமராவில் லென்சை உள்ளே மடக்க வேண்டுமென்றால் முதலில் ஃபிலிம் லிவரைச் சுற்றியிருக்க வேண்டும், அதற்கப்புறம் மேலே உள்ள பொத்தானை அமுக்கி, லென்சைத் திருப்பி, மெதுவாக உள்ளே விட வேண்டும். சுற்றாமல் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே ஏதாவது வளையும். அவரிடம் வரும் ரோலை 35-களில் பாதி இப்படி அமுக்கிக் கெடுத்தவைதான் என்றார். லிவர் வேறு இடது கைப் பக்கம், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடி அடியில், ஃபிளாஷ் மாட்டும் இடமும் அடியில். புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும்.

ஏன் இப்படி என்றால், ஹைன்ஸ் வாஸ்க என்ற ஜெர்மன்காரர் முழு 35 மிமீ ஃபிரேமை முடிந்தவரை சின்னப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்தார். 1966-இல் கோலோன் கண்காட்சியில் இது வந்தபோது அவ்வளவு சின்னது வேறில்லை. லென்ஸ் உள்ளே போக இடம் வேண்டுமே, அதற்காக ஷட்டரையே இரண்டாகப் பிரித்துவிட்டார், திறந்து மூடும் தகடுகள் லென்ஸ் குழாயோடு நகரும், நேரத்தைக் கணக்கிடும் பல்சக்கரங்கள் உடம்பிலேயே நிற்கும். பயன்படுத்துபவருக்கு வசதி, பிரிப்பவருக்குத் தலைவலி. இதைக் கழற்றி மாட்டுவதற்கு மற்ற கேமராவைவிட அங்கிள் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, வேகங்களைச் சரிபார்ப்பது. மீட்டரைப் பிழைக்க வைப்பது. லென்சைத் துடைப்பது. மேல் தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பது. தோலை மாற்றுவது. முதல் மூன்றுக்கும் தலையாட்டினார். பெயின்டுக்கு முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். குரோம் மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் ஒட்டாது, பையில் போட்டு எடுத்தாலே செதில் செதிலாக வரும், ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் குரோமை உரிக்க வேண்டும், உரித்தால் பொறித்த எழுத்துகளில் மறுபடி நிறம் நிரப்ப வேண்டும், அதற்கு என்னிடம் ஆளும் இல்லை நேரமும் இல்லை என்றார். செய்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு சொதப்பும் கடைகளை நினைத்தால் இந்த ஒரு 'முடியாது'க்கே மார்க் போடலாம்.

தோல் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் அடம் பிடித்தேன். இணையத்தில் அளவாக வெட்டி விற்கும் ஆட்டுத்தோல், கரும்பச்சை நிறம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அங்கிள் அதை விரலால் தடவி "தடிமன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்தக் கேமராவின் பின்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே துண்டாகக் கீழ்நோக்கி உருவி வரும். ஓரத்தில் தோல் தடித்திருந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் உரசி உரசி ஓரம் கிளம்பிவிடும். சரி, ஓரங்களை மட்டும் பின்பக்கமாகச் சீவித் தருகிறேன் என்றார். சவரக் கத்தி மாதிரி ஒரு கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் தோலைக் கவிழ்த்துப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு. வெளியே வந்த சீவல் வெங்காயச் சருகு மாதிரி அவ்வளவு மெலிசு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், நல்லவேளை துரத்தவில்லை.

மீட்டர் கதை வேறு. பழைய பேட்டரி உள்ளேயே இருந்து உப்புப் பூத்து, கம்பியை அரித்திருந்தது. கம்பியை மாற்றினார், வெளிச்சத்தை உணரும் செல் உயிரோடுதான் இருந்தது. ஆனால் இந்தக் கேமரா 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது, அது இப்போது விற்பனையில் இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் கூடுதலாகக் காட்டும், நம்பி எடுத்தால் படம் இருட்டும். வோல்டைக் குறைக்கும் அடாப்டர் வாங்கலாம், இல்லாவிட்டால் காதுக்கருவிக்குப் போடும் 675 பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்துக்குள் வைத்துப் போடலாம் என்றார். அது 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக வரும். எங்கள் பெரியப்பா காதுக்கருவிக்கு அதே 675-தான் போடுகிறார், டிராயர் நிறைய இருக்கிறது! ஒரு குறை உண்டு, ஸ்டிக்கரை உரித்துக் காற்று பட்டதும் அது தேய ஆரம்பித்துவிடும், சில வாரங்கள்தான். பேட்டரி இருப்பதோ கேமராவின் வயிற்றுக்குள், பின்பக்கத்தைக் கழற்றினால்தான் எட்டும். பாதி ரோலில் செத்துப்போனால் மீதியைக் கண்ணால் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மொத்தம் 280 வெள்ளி. இதே மாதிரி ஓடுகிற கேமராவை இணையத்தில் ஏறக்குறைய அதே காசுக்கு வாங்கிவிடலாம், அது எனக்கும் தெரியும். 2024-இல் ஹாங்காங்கில் புதிதாகவே ஒரு ரோலை 35ஏஎஃப் வந்துவிட்டது, தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். அதை வாங்கிக்கொள்ளேன் என்று அண்ணன் சொன்னான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

சொன்னது 4 வாரம், ஆனது 7. வாட்ஸ்அப் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. ஐந்தாவது வாரம் நேரிலேயே போய்விட்டேன், "இன்னும் இல்லை" என்று கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார். வந்ததற்குப் பெனின்சுலா பிளாசாவில் பர்மியக் கடையில் தேயிலை சாலட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன், அது மட்டும் லாபம்.

கேமரா கைக்கு வந்த அன்று சாயங்காலமே அங் மோ கியோவுக்கு, பெரியம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷட்டர் வேகத்தை 500-இலிருந்து, அதாவது செகண்டில் 500-இல் ஒரு பங்கிலிருந்து, ஒவ்வொன்றாக இறக்கி இறக்கி அமுக்கினார். டிக். டிக். 30, 15 வரும்போது சத்தம் நீண்டது, 2-இல், அதாவது அரை செகண்டில், டர்ர்ர் என்று ஓடி முடிந்தது. மறுபடி அதே 2. மறுபடியும். "இழுக்குதுடா" என்றார்.

"எது பெரியம்மா?"

"அரை செகண்ட். கடைசில போய் நொண்டுது. இதை எங்க சூப்பர்வைசர் பாஸ் பண்ணமாட்டார்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 40 வருடத்துக்கு அப்புறம் வெறும் காதில் சொல்வதை எப்படி நம்புவது என்றும் தோன்றியது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டே கடைக்குப் போனேன், அங்கிள் கடுப்பாவார் என்று நினைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை அவர். ஷட்டர் வேகத்தை அளக்கும் டெஸ்டரில் மாட்டி அமுக்கினார். 0.68. அரை என்றால் 0.50 இருக்க வேண்டும். மூன்று முறை எடுத்தார், மூன்றும் அதே பக்கத்தில். நிமிர்ந்து பெரியம்மாவை முதல் முறையாகப் பார்த்தார். நெகட்டிவ் ஃபிலிமில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது என்று என்னிடம் சொன்னார், அது உண்மைதான், ஆனால் சொல்லிக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார். பல்சக்கரத்தின் ஒரு முனையில் பழைய கிரீஸ் கொஞ்சம் தங்கியிருந்து, மெல்லப் பரவியிருக்கிறது. பெரியம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள், ஆலையில் எந்த மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், இடுக்கி யார் வாங்கித் தந்தது, அந்த மாதிரிப் பேச்சு. ஒன்றரை மணி நேரம். கடைசியில் 0.53 வந்தது. பெரியம்மா காதில் வைத்துக் கேட்டுவிட்டு "பாகுஸ்" என்றார், மலாயில் 'நன்று' என்று அர்த்தம். அங்கிள் காசு வாங்கவில்லை.

சோதனைக்குக் கோடாக் கோல்டு 200 ஒரு ரோல் போட்டு, லிட்டில் இந்தியாவில் தேக்காவைச் சுற்றினேன். ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, தூரத்தைக் கண்ணால் அளந்து வைக்க வேண்டும். லென்ஸ் துளையை எஃப் 8-இல், தூரத்தை 3 மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக வந்துவிடும், பூக்கடை, காய்கறி, பஃபலோ ரோட்டில் கடந்து போகிறவர்கள் எல்லோருக்கும் அது போதும். 36-இல் 31 நன்றாக வந்தன. கெட்டவை 5-ம் நான் தூரம் தப்பாகப் போட்டவை, கேமராமேல் பழி போட முடியாது. பூஞ்சை இருந்த இடத்தில் கண்ணாடியில் லேசான தழும்பு உண்டு, வெயிலுக்கு நேராகப் பிடித்தால் கொஞ்சம் வெளிறுகிறது. அதை முன்பே சொல்லித்தான் கொடுத்தார். இப்போது கேமரா ஈரம் உறிஞ்சும் மின்பெட்டிக்குள், 45 சதவீதத்தில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போகாதீர்கள், திறந்திருக்காது. அவசரம் என்றால் வேண்டவே வேண்டாம். கேமராவில் என்னென்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள், வாயால் சொன்னால் காதில் வாங்குவதில்லை. சொன்ன காசுக்கு மேல் ஒரு காசு கேட்கமாட்டார். ரசீது கேட்டால் ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதித் தருவார், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தோல் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "செருப்புக் கடையில வாங்கினியா?" என்று கேட்டுவிட்டார், பழைய மாதிரிக் கறுப்பே போடச் சொல்கிறார். அங்கிளிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, சீனப் புத்தாண்டு முடிந்து வா, வரும்போது அவரையும் கூட்டி வா என்றார்.