பெட்டி ராட்டை வாங்குங்கள், கூட வரும் சாயப் பொட்டலத்தை விட்டுவிடுங்கள்

நூல் நூற்று, சாயம் போட்டு, பின்னுவது வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. 5 மாதம் முன்பு ஒரு கடையில் பெட்டி ராட்டை, அரை கிலோ பஞ்சுப் பட்டை (நூற்பதற்குத் தயாராகச் சுருட்டிய பஞ்சு), சாயப் பொடிகள் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்கினேன்.

முதலில் ராட்டை. யெரவாடா சிறையில் காந்தி இருந்த காலத்தில் உருவான வடிவம் இது. மூடினால் கையில் தூக்கிப் போகிற சின்னப் பெட்டி, திறந்தால் ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், நூலை முறுக்கும் கம்பியான கதிர். பருத்தி இழை குட்டை என்பதால் நிறைய முறுக்கு ஏறாவிட்டால் பிரிந்து கையோடு வந்துவிடும், அதற்குத்தான் இரண்டு சக்கரம் வைத்துக் கதிரை அவ்வளவு வேகமாகச் சுற்ற வைக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. பட்டையை அழுத்திப் பிடித்ததுதான் காரணம். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் கையைச் சாய்வாகப் பின்னால் கொண்டுபோனதும் நூல் தானாக ஓடி வந்தது, அந்த நிமிடத்துக்காகவே இதை வாங்கலாம். எனக்கு வந்த கதிர் லேசாக வளைந்திருந்தது, மாற்றித் தர 3 வாரம் இழுத்தடித்தார்கள். வாங்கும்போதே கதிரைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்.

பின்ன நினைப்பவர்களுக்கு முக்கியமான விஷயம், இந்த ராட்டை நெசவு நூலுக்கானது. ஒற்றை இழையை அப்படியே ஊசியில் ஏற்றிப் பின்னினேன், நாலு விரல் உயரம் வருவதற்குள் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணலாகிவிட்டது. நூலுக்குள் அடைபட்ட முறுக்கு பிரியப் பார்க்கிறது, அதுதான் துணியை இழுக்கிறது. நான்கு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) கட்டிக் கொதிக்க வைத்த பிறகு சாய்வே இல்லை. வேலை நான்கு மடங்குதான், ஆனால் வேறு வழி கிடையாது.

இப்போது சாயம். இங்கேதான் எனக்குக் கோபம். கூட வந்த தாளில் "பொடியை வெந்நீரில் கரைத்து நூலை முக்கவும்", அவ்வளவுதான். பருத்தி அப்படியெல்லாம் சாயம் பிடிக்காது. சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து இழையில் இருக்கும் மெழுகை எடுக்க வேண்டும் (தண்ணீர் டீ நிறத்துக்கு வரும்), அப்புறம் கடுக்காய்க் கஷாயத்தில் ஓர் இரவு, அடுத்து படிகாரம், அதற்குப் பிறகுதான் மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தரும் வேர்). தாளில் சொன்னபடி செய்த சிட்டம் இரண்டு அலசலில் வெளுத்துப்போனது, இப்படிச் செய்தது செங்கல் சிவப்பில் அப்படியே நிற்கிறது. மஞ்சள் பொடியை மட்டும் என்ன செய்தாலும் வெயில் தின்றுவிடும்.

அவுரி (நீலச் சாயம் தரும் செடி) என்று கொடுத்திருந்தது தலைக்குப் பூசும் பச்சை இலைப் பொடி! சாயத் தொட்டிக்கு வேண்டியது இலையை ஊறவைத்துக் கலக்கி எடுக்கிற கருநீலக் கட்டி. அது வெறும் தண்ணீரில் கரையவே கரையாது. நான் தனியாகக் கட்டி வாங்கிப் பொடித்து, 1 பங்குக்கு 2 பங்கு சுண்ணாம்பும் 3 பங்கு வெல்லமும் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தேன். தொட்டி மேலே செம்பு நிறத்தில் ஆடை படர்ந்து, கீழே தண்ணீர் மஞ்சள் பச்சையாக மாறினால் தயார். முக்கி வெளியே எடுத்த நூல் பச்சையாக இருந்து, காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமானது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் நகரவே இல்லை.

திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, நல்ல கட்டி தேடினால் கிடைக்கும். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் இருக்கின்றன. அதனால் தொகுப்பாக வாங்காதீர்கள். ராட்டையும் பட்டையும் ஒரு உபரிக் கதிரும் போதும். நான் இப்போது அக்கா குழந்தைக்கு நீலமும் சிவப்பும் கலந்து ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.